நிமிடத்துக்கு எழுபது சுற்று

சேரப்பணஞ்சேரி சசிரேகாவுக்கு வயது நாற்பத்தொன்று. ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டு நான்கு மாதம் லைனில் நின்றவள். 2021இல் அந்த வேலையை விட்டு, கணவன் வெங்கடேசனோடு சேர்ந்து டிராக்டரில் குழி தோண்டும் துளைப்பானை மாட்டினாள். அன்றிலிருந்து வேலிக்கல் நடக் குழி போடுவதுதான் பிழைப்பு.

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை காலை, டிராக்டர் பம்பு தள்ளும் எண்ணெயால் துளைப்பானைச் சுற்றும் மோட்டார் உடைந்தது. வல்லக்கோட்டைப் பக்கம் லாரி நிறுத்தும் இடத்துக்கு வேலி போட 186 குழி. புதன்கிழமை சூப்பர்வைசர் செந்தமிழன் முன்னால் மூன்று குழி போட்டுக் காட்டினால்தான் வேலை. இல்லாவிட்டால் அது பொக்லைன்காரருக்குப் போய்விடும்.

உடைந்த மோட்டாரை வெங்கடேசன்தான் பழைய இரும்புக் கடையில் எடுத்திருந்தான். டிராக்டர் குழாயின் மரை அதில் பொருந்தியது, வேறெதுவும் பார்க்கவில்லை. ஏதோ தொழிற்சாலையில் பெல்ட் ஓட்டிய வேக மோட்டார் அது. கல்லில் முட்டியதும் திணறி, தண்டு முறிந்தது.

மதியமே இருவரும் வாலாஜாபாத்தில் தணிகாசலத்தின் ஹைட்ராலிக் கடைக்குப் போனார்கள்.

"இந்தச் சின்னது குடுங்கண்ணே. ஃபேன் மாதிரி சுத்தும்" என்றான் வெங்கடேசன்.

"சுத்தும்பா. உன் வண்டி பம்பு நிமிசத்துக்கு எத்தினி லிட்டர் எண்ணெய் தள்ளுது?"

"புக்குல நாப்பது போட்டுகீது."

"புக்கு வாங்கி பதினஞ்சு வருசம் ஆவுது" என்றாள் சசிரேகா. "அண்ணே, நாளைக்குச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்க் குழாயின் முனையைக் கழற்றி இருபது லிட்டர் கேனில் விட்டாள். குழி போடும் வேகத்தில் எஞ்சினை ஓட்டும்படி வெங்கடேசனிடம் சொல்லி, லைனில் ஒரு பாகத்துக்கு ஆகும் நேரத்தை அளந்தது போலவே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கேன் நிறைய 43 விநாடி. மறுபடி 42. மூன்றாம் முறை 43.

"நிமிசத்துக்கு இருபத்தெட்டு லிட்டர்தான் வருது."

"நம்ம வண்டிய அவமானப்படுத்தாத சசி."

"நானா? உன் வண்டிதான் சொல்லுது."

செவ்வாய்க்கிழமை தணிகாசலம் கணக்குப் போட்டார். ஒரு சுற்றுக்கு 160 மில்லி குடிக்கும் சின்ன மோட்டார் 175 சுற்று சுற்றும். முறுக்கு வலு குறைவு. 400 மில்லி குடிக்கும் பெரியது எழுபதே சுற்று. வலு இரண்டரை மடங்கு.

"எழுபதா? மாவாட்டவா போறோம்?" என்றான் வெங்கடேசன்.

"வேகமா சுத்தி இன்னா பண்ணப் போற? கல்லு வேகத்துக்கா பயப்படுது?" என்றாள் சசிரேகா.

பெரியதையே வாங்கி அன்று மாலையே மாட்டினார்கள்.

புதன் காலை 9.20க்கு முதல் குழி. இரண்டடியில் கல் தட்டியது. டிராக்டர் குலுங்கியது, வெங்கடேசன் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான். துளைப்பான் நிற்கவில்லை. நறநறவென்று கல்லைச் சுரண்டிச் சுரண்டிக் கீழே போனது. மூன்றடி ஆழம், ஒன்பது நிமிடம். அடுத்தவை ஏழு, எட்டு.

செந்தமிழன் குழிக்குள் டேப்பை விட்டுப் பார்த்தார். "மெதுவாத்தான் சுத்துது. ஆனா நிக்கவே இல்லியேம்மா."

"நின்னாத்தான் சார் லேட்டாவும்."

அவர் சிரித்துவிட்டு, சுண்ணாம்பு போட்டிருந்த வரிசையைக் காட்டினார். "மீதி 183. இப்பவே ஆரம்பிங்க."

வெங்கடேசன் இருக்கையை விட்டு இறங்கி, துண்டால் அதைத் துடைத்தான்.

"ஏறு. அளந்து பாத்தவளே ஓட்டு."

சசிரேகா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். பதினொன்றரை மணிக்குள் மேலும் ஒன்பது குழி முடிந்திருந்தது.