டிக்கட் ஏறாத மடி

பேச்சியம்மாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அறுபத்து மூன்று வயதிலும் நோயாளியைப் பார்க்க வேலைக்கு வந்த அந்தக் கட்டுகஸ்தோட்டை வீட்டில் விடிந்ததிலிருந்து கால் நிற்கவில்லை. பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள். பாரிசவாதத்தில் விழுந்த அழகமுத்துவைத் துடைத்து, கதிரையில் சாய்த்து, வலக்கைக்குத் தைலம் தேய்த்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். விட்டால் அப்படியே இறுகிவிடும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

தைலம் தேய்க்க விட்ட மனிதர், விரலை விரிக்கக் கையைத் தரவில்லை. இடக்கையால் கதிரையைத் தட்டிக்கொண்டே தன் பூனையைப் பார்த்தார். கலஹா பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர், அதற்கு டிக்கட் என்று பெயர் வைத்திருந்தார். முன்பு மடியை விட்டு இறங்காத பூனை, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று வாரமாகக் கிட்டே அண்டவில்லை. வரும், மூக்கை நீட்டும், திரும்பிவிடும்.

"அதுக்குத் தெரிஞ்சிருச்சு, தங்கச்சி. சாகப் போறவன்கிட்ட அது வராது. விரலை விரிச்சு என்ன செய்யப் போறேன்? விடு."

"சாகப் போறவுக பாணும் பருப்பும் ரெண்டாந்தரம் கேக்க மாட்டாங்க. கையக் குடுங்கண்ணே."

தரவில்லை.

அன்று மத்தியானம் அவள் பூனைக்குப் பால் வைக்கக் குனிந்தாள். டிக்கட் அவள் விரலை மோந்தது, தும்மியது, அலுமாரிக்குப் பின்னால் ஓடியது. பேச்சியம்மா தன் கையை மோந்து பார்த்தாள். தைலம். அவள் வளர்ந்த மடுல்கெல்ல தோட்ட லயத்தில் எந்த வலிக்கும் அதுதான். அதைத் தேய்க்கும்படி பயிற்சியிலும் சொல்லவில்லை, கிளினிக்கிலும் சொல்லவில்லை. தானாகச் சேர்த்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று தரம் தேய்த்திருக்கிறாள்.

சவர்க்காரம் போட்டு அவர் கையை மூன்று முறை கழுவினாள். அவர் உடுத்திருந்த சாரத்தையும் மாற்றினாள்.

"தப்பு என்னுது. தைல நாத்தம் அதுக்கு ஆகல."

"மூணு வாரமா எம் பூனைய வெரட்டுனது நீயா?"

"ஆமா. அப்புறம் திட்டுங்க. இப்பக் கூப்பிடுங்க."

"டிக்கட்... டிக்கட்..." பூனை கதிரையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே போனது. அவர் மறுபடி கதிரையைத் தட்டத் தொடங்கினார். அவள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

நாலு மணிக்கு அது மடியில் ஏறியது. மூடிய கைக்குக் கீழே தலையை நுழைத்து முட்டியது. விரல்கள் அசையவில்லை. மறுபடி முட்டியது. பெருவிரல் விலகியது, சுட்டுவிரல் நடுங்கி நடுங்கி அதன் காதுக்குப் பின்னால் போனது. இடக்கை தட்டுவதை நிறுத்தியிருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன். இன்னைக்குப் பத்து நிமிஷம் தடவுங்க. நாளைக்கு இருபது."

அன்றிலிருந்து தன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க அவள் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். தேய்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தாள்.