எந்தக் கண்ணாடி என்று என்னைக் கேட்டார்கள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பேச்சு வழி மாறிப் போனால் அவள் இருமுவாள், நான் திரும்பி வந்துவிடுவேன்.

படிக்காமல் போனதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, நானேதான் எடுத்தேன். எங்கள் அப்பாவுக்குப் பூக்கட்டிப் பார்க்காமல் ஒரு காரியமும் ஓடாது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் வாழை இலையில் ஒரே மாதிரி மடித்து வாய்க்கால்கரைப் பிள்ளையார் முன்னால் போடுவார். வீட்டில் எது சின்னதோ அது குளித்துவிட்டு வந்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது. சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா என்று கேட்ட அன்று வீட்டில் சின்னது நான்தான். சிவப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்பா தந்த வெல்லத்தைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

விதை விட, கூரை மாற்ற, மாடு வாங்க, எல்லாவற்றுக்கும் பூ. ஒரு தடவை அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. பிடுங்கலாமா என்று கேட்டதற்குச் சிவப்பு வந்துவிட்டது. ஒற்றைக் கொம்போடு உட்கார்ந்திருக்கிற சாமிக்கு இந்த வலி தெரியாதா என்று அம்மா முணுமுணுத்தாள். அப்பா ஒரு மாதம் தாடையில் துண்டைக் கட்டிக்கொண்டே நடவுக்கு ஆள் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டது யாருக்கும் விளங்கவில்லை. அந்த வருஷம் எங்கள் வயலில்தான் கடைசி நடவு.

எங்கள் வீட்டில் சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் உப்புப் பார்க்கக் கூடாது. எனக்கு இதுதான் பிடிக்கும் என்று பிள்ளைகள் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம். என் கல்யாணமும் பூதான், வெள்ளை. அந்த மனுஷர் நல்லவர், அதில் பிள்ளையார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜவுளிக்கடையில் அவர் எது வேண்டும் என்று கேட்பார். நான் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பேன். கடைக்காரருக்கு எப்போதும் விலை கூடிய புடவைதான் எனக்குப் பொருத்தமாகத் தெரியும். ஒரு தீபாவளிக்கு அவர் எடுத்துக் கொடுத்தது… சரி, மருமகள் இருமிவிட்டாள்.

போன வருஷம் கண் மங்கிப்போனது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அந்த மனுஷர் காலமான பிறகு மூன்று மா நிலத்தையும் நான்தான் பார்க்கிறேன். காலையில் மடை திறந்து தண்ணீர் உள்ளே போகிற சத்தத்தைக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் மருமகள் என்னைத் தஞ்சாவூருக்கு, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே இருட்டறையில் ஒரு பெண். படிக்கத் தெரியாதவர்களுக்கு வேறு அட்டை வைத்திருக்கிறார்கள். மூன்று பல் சீப்பு மாதிரி ஒன்று, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையைக் காட்ட வேண்டும். அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அதன் பிறகுதான் அந்தப் பெண் என் மூக்கில் ஒரு இரும்புக் கண்ணாடியை மாட்டி, சில்லு மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்க ஆரம்பித்தாள்.

“பாட்டி, இது நல்லாருக்கா? இல்ல, இதுவா?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை.

“நீங்களே நல்லதா ஒண்ணு போடுங்கம்மா.”

“உங்க கண்ணு பாட்டி. எனக்கு எப்படித் தெரியும்?”

எங்கேயாவது கிளம்பினால் என் சுருக்குப்பையில் நந்தியாவட்டை இரண்டு, சிவப்பு அரளி இரண்டு இருக்கும். அவள் சில்லு எடுக்கத் திரும்பும்போதெல்லாம் பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தேன். வெள்ளை என்றால் முதல் சில்லு, சிவப்பு என்றால் இரண்டாவது. எடுத்த பூவையும் அட்டையிலிருந்து வந்த வெளிச்சத்தில், அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பத்துத் தடவை கேட்டாள், பத்துத் தடவையும் டக்கென்று பதில் சொன்னேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்று பாராட்டினாள்.

அந்தக் கண்ணாடியை ஒரு மாதம் போட்டேன். தரை எழும்பி வந்தது. காப்பியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன். ஒரு வரப்பு இரண்டாகத் தெரிந்தது, இல்லாத வரப்பில் நான் நடந்து வாய்க்காலில் விழுந்தேன். கண்ணாடி போட்டவர்களுக்கெல்லாம் உலகம் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தேன். பேங்கில் கண்ணாடி போட்டுக்கொண்டு பணம் எண்ணுகிறவர்கள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

இரண்டாவது தடவை விழுந்ததும் மகன் போனில் பேசினான். அம்மா இனிமேல் வயலுக்குப் போக வேண்டாம், அறுவடை முடிந்ததும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றான். மருமகள் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அத்தை, நெசத்தச் சொல்லுங்க. அங்க அந்தப் பொண்ணு கேட்டப்ப என்ன பண்ணுனீங்க?”

சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுநாளே திரும்பவும் போகிறோம் என்றாள். சுருக்குப்பையை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அதே இருட்டறை, அதே பெண், அதே கேள்வி. கை மடியில் சும்மா கிடந்தது. முதல் சில்லில் சீப்பு நின்றது. இரண்டாவதில் அதே சீப்பு கொஞ்சம் கறுப்பாக நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை. நிலத்தை நினைத்துக்கொண்டு, “ரெண்டாவது” என்றேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததற்கும் சொன்னேன். போகப் போக ருசி கண்டுவிட்டது. முதலில் போட்டதைத் திரும்பப் போடச் சொன்னேன், அதைக் கொஞ்சம் திருப்பச் சொன்னேன், இந்த நாற்காலி எனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொன்னேன். வெளியே ஆட்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண் கெஞ்சினாள்.

புதுக் கண்ணாடியோடு வயலுக்குப் போனேன். ஒரு வரப்பு ஒரு வரப்பாக இருந்தது. வயலுக்குள் பார்த்தால், மேலண்டைப் பக்கம் முழுக்கக் கோரை. களையெடுக்கிற ஆளை ஒரு மாதமாக, பச்சைப் பசேலென்று வைத்திருக்கிறாயே என்று புகழ்ந்து, தினமும் டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவனைக் கூப்பிட்டேன்.

“மேலண்டையில கோரை அப்படியே நிக்குது. எடுத்துட்டு வீட்டுக்குப் போ.”

“யாரு சொன்னா ஆத்தா?”

“நான் சொல்றேன்.”

அவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று. ஒருவரும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினான்.