ஞானஸ்நானம் கொடுத்தவரைத் தேடி உன்னிச்சைக்கு

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.40. காலை ஆறு மணிக்குப் பிறகு கொழும்புக் கோட்டையில் ஏறிய ரயில் மட்டக்களப்பில் இறக்கிவிட்டது. என் பையில் ஒரு வெள்ளை உடுப்பும் ஒரு மெழுகுதிரியும் இருந்தன. சின்னம்மாவின் மகள் டிலானியின் நாலு மாதப் பெண் குழந்தைக்கு ஞாயிறு காலை ஞானஸ்நானம், ஞானத்தாய் நான். நிலையத்திலிருந்து பாலம் கடந்து கல்லடிக்கு ஆட்டோ 500 ரூபாய்.

வீட்டில் பலகார வாசனையை எதிர்பார்த்துப் போனேன். அடுப்பே மூட்டியிருக்கவில்லை. டிலானி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"அக்கா, பிள்ளைக்கு முதலே ஞானஸ்நானம் குடுத்தாச்சோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியா" என்றாள்.

இவளுடைய முதல் குழந்தை, ஆண், பிறந்து இரண்டு மணித்தியாலத்தில் போய்விட்டது. தலையில் தண்ணீர் ஊற்ற அப்போது ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை. கடவுளின் இரக்கம் அருட்சாதனங்களோடு முடிந்துவிடுவதில்லை, பிள்ளை அவர் கையில்தான் இருக்கிறது என்று பங்குத்தந்தை ஆறுதல் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஆனால் ஒன்றும் செய்யாமல் விட்டோமே என்பது போகவில்லை. இரண்டாவது பிள்ளைக்கு ஏழாம் மாதத்திலேயே வயிற்றை வெட்டவேண்டி வந்தபோது, தள்ளுவண்டியோடு கூடவந்த தாதியின் கையைப் பிடித்து, பிள்ளைக்கு ஆபத்தென்றால் தலையில் தண்ணீர் ஊற்றி இன்ன வார்த்தைகளைச் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். அந்தத் தாதி சைவ சமயத்தவர். மயக்கம் தெளிந்தபோது குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் உயிரோடு இருந்தது. தாதியோ இடமாற்றத்தில் போய்விட்டார். இல்லை என்ற பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் டிலானி யாரிடமும் விசாரிக்கவில்லை. இந்த வாரம் படிவம் நிரப்பும்போது, ஆபத்து வேளையில் ஏற்கெனவே கொடுத்ததா என்று பங்குத்தந்தை வழமையாகக் கேட்கும் கேள்வியைக் கேட்க, உடைந்துவிட்டாள்.

மாலை 6.30. இருவருமாகப் பங்குமனைக்குப் போனோம். பங்குத்தந்தை முப்பது வயதுக்காரர், பொறுமையாக விளக்கினார். கொடுக்கப்பட்டிருந்தால் மறுபடி கொடுக்க முடியாது. தண்ணீர் தலையில் வழிந்ததா, வார்த்தைகள் சரியாகச் சொல்லப்பட்டனவா, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்ததா, இவைதான் கேள்வி. 'நான்' என்பதற்குப் பதில் 'நாங்கள்' என்று சொல்லியிருந்தாலும் செல்லாது. ஒன்றுமே தெரியாவிட்டால், 'நீ ஞானஸ்நானம் பெறாதிருந்தால்' என்று முன்னே சேர்த்துக் கொடுப்பார்களாம்.

கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் கொடுக்கலாமா என்று கேட்டேன். "ஆபத்தெண்டா ஆரும் குடுக்கலாம்" என்றார்.

வெளியே வந்ததும் டிலானி சொன்னாள்: "இருந்தா, இல்லாட்டி எண்டு சொல்லிக் குடுக்கிறது எனக்கு வேணாம் அக்கா."

சனி, காலை 7.30. தாதியின் பெயர் வதனா, ஊர் உன்னிச்சை, அறுவடைக்கு லீவில் வந்து நிற்கிறார் என்று இரவு நாங்கள் விசாரித்தபோது ஆஸ்பத்திரியில் தெரிந்த ஒருத்தி சொன்னாள். தொலைபேசி எடுபடவில்லை. டிலானியின் கணவர் அன்ரன் கடலோரத்தில் கரைவலை இழுக்கப் போய்விட்டதால், குழந்தையோடு நாங்கள் இருவரும் காத்தான்குடி றிஸ்வானின் ஆட்டோவில் புறப்பட்டோம். போய்வர ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர். காத்திருப்போடு 7,000 ரூபாய் பேச்சு.

வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை. வவுணதீவுக்கப்பால் இரு பக்கமும் வயல். தை மாதக் கடைசி என்பதால் வயல் வட்டைகள் பாதி வெட்டியும் பாதி மஞ்சளாயும் கிடந்தன. தார்வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்ந்தது. சக்கரம் படாமல் றிஸ்வான் மெதுவாக ஓட்டினார். விஷயத்தைக் கேட்டு அறிந்துகொண்டார். தன் மகன் பிறந்தபோது தான் கட்டாரில் இருந்ததாகவும், காதில் பாங்கு சொன்னது மாமனார் என்றும் சொன்னார். "சொல்லியாச்செண்டு கேள்விப்பட்ட பொறகுதான் எனக்குச் சோறு எறங்கின" என்றார்.

காலை 9.10. குளக்கட்டிலிருந்து உள்ளே போகும் கிறவல் வீதியில் மூன்றாவது வீடு. முற்றத்தில் போட்ட படங்குத் தார்ப்பாயில் நெல்லைக் காலால் விரித்துக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு வந்து, கேட்காமலே வாங்கிக்கொண்டார்.

"ஆயிரத்து முந்நூறு கிராம்" என்றார். "இப்ப அஞ்சு கிலோ வரும்போல."

டிலானி என்னைப் பார்த்தாள். நான்தான் கேட்டேன்: அன்றைக்கு அவள் சொன்னதை நீங்கள் செய்தீர்களா?

வதனா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். பதிலுக்குக் காத்திருந்த அந்த நேரத்தில், இந்தச் சடங்கை இதுவரை கேக்கும் புகைப்படமும் உள்ள ஒரு விழாவாக மட்டும் நினைத்திருந்த எனக்கே 'ஆம்' என்ற பதில் வேண்டியிருந்தது.

"குற்றமெண்டா மன்னிச்சுக்கொள்ளுங்க. நான் சைவம். நான் சொன்னா அது உங்களுக்குத் தீட்டோ, செல்லுமோ எண்டு தெரியாமத்தான் ஒருத்தருக்கும் சொல்லல்ல."

பிறகு நடந்ததைச் சொன்னார். எடுத்த குழந்தை அழவில்லை, நீலமாய்க் கிடந்தது. டொக்டர் மூச்சு ஏற்ற முயன்றுகொண்டிருந்தார். வார்த்தைகள் மறந்துவிடும் என்று முன்கூட்டியே தன் கையில் பேனாவால் எழுதி வைத்திருந்ததாகவும், சத்திரசிகிச்சைக்குக் கை கழுவவேண்டிய ஆள் தான் அல்ல என்பதால் அது அழியவில்லை என்றும் சொன்னார்.

"பஞ்சால துடைச்சாக் காணாது, வடியவேணும் எண்டு நீங்க சொன்னீங்க. டொக்டரிட்டக் கேட்டுப்போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணிய சிறிஞ்சில எடுத்து நெத்திக்கு மேல மூணு தரம் விட்டன். எல்லாம் முடிஞ்ச மறுகா துடைச்சன்."

வார்த்தைகளைச் சொல்லிக்காட்ட முடியுமா என்று கேட்டேன். நாலு மாதத்துக்குப் பிறகும் அவருக்கு அது தடக்கவில்லை. "பிதாவுடையவும் சுதனுடையவும் பரிசுத்த ஆவியினுடையவும் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் தருகிறேன்." அந்த 'நான்' என் காதில் விழுந்தது. இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். மறுபடியும் 'நான்' தான்.

எதற்காகச் செய்தீர்கள் என்பதைக் கேட்கவே தேவையிருக்கவில்லை. "உங்கட கோயில்ல என்ன செய்வாங்களோ அதுதான் இது எண்டு நினைச்சுத்தான் செய்தன்" என்று அவரே சொன்னார்.

டிலானி படங்கின் ஓரத்தில் நெல்லுக்குள்ளேயே குந்திவிட்டாள். அழுதாள், நடுவில் சிரித்தாள். வதனா அவளுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். சீனி அதிகம். மூன்று கோப்பை குடித்தாள்.

முற்பகல் 11.00. திரும்பும் வழியில் ஆயித்தியமலை மாதா கோயிலடியில்தான் தொலைபேசிக்குச் சிக்னல் வந்தது. பங்குத்தந்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செல்லும். முழுசாச் செல்லும். நாளைக்குத் தண்ணி ஊத்தமாட்டன், மிச்சத்தைச் செய்வம்" என்றார். டிலானி றிஸ்வானிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி வடை வாங்கினாள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம்.

ஞாயிறு, காலை 8.45. பூசை முடிந்து, தண்ணீர் ஊற்றாத ஞானஸ்நானச் சடங்கை முதன்முதலாகப் பார்த்தேன். வாசலில் வரவேற்று நெற்றியில் சிலுவை வரைந்தார்கள். உச்சியில் பரிமள தைலம் பூசினார்கள். வெள்ளை உடுப்பைப் போட்டுவிட்டேன். பாஸ்காத் திரியிலிருந்து மெழுகுதிரியைப் பற்றவைத்து அன்ரன் பிடித்துக்கொண்டார். பேச முடியாத பிள்ளைக்காக விசுவாச அறிக்கையைச் சொல்லும்போது, இந்தப் பிள்ளை கேட்காமலே எத்தனை பேர் அதற்காக வாய் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்டுப் பெறவேண்டியதென்றால் அன்றைக்கு நீலமாய்க் கிடந்தது என்னத்தைக் கேட்டிருக்கும்?

முதல் பஸ்ஸில் வந்திருந்த வதனா கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். பங்குத்தந்தை அவரை அறைக்குள் அழைத்து, பதிவேட்டை விரித்து, முதலெழுத்தோடு முழுப்பெயரைக் கேட்டார். 'ஞானஸ்நானம் கொடுத்தவர்' என்ற நிரலில் மேலிருந்து கீழாக எல்லாம் குருமாரின் பெயர்கள். எழுத்துப் பிழை இல்லாமலிருக்க வதனா ஒவ்வோர் எழுத்தாய்ச் சொன்னார்.

திங்கள், காலை. திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில் ஒரே ஞாயிறில் எட்டுக் குழந்தைகளுக்குக்கூட ஞானஸ்நானம் நடக்கும். இருபது நிமிடத்தில் முடியும். அந்த நேரத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்ததுண்டு. புறப்பட்டு ஒரு மணித்தியாலத்தில் டிலானிக்கு அழைத்தேன். அன்ரன் எடுத்தார். தாயும் பிள்ளையும் விடிந்தும் எழும்பவில்லை, எழுப்ப மனமில்லாமல் நானே சமைக்கிறேன் என்று மெதுவான குரலில் சொன்னார்.