உப்பங்கழிக்கரையின் இடுக்கிப் பூச்சி

நான் கிராம முன்சீப்பின் மூத்த மகன். பின்னாளில் கல்லூரியில் விலங்கியல் பயின்றவன். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, எங்கள் உப்பங்கழிக்கரை இருந்த இடத்தில் இன்று தொழிற்சாலைச் சுவருக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள். அங்கே எழுந்த அழுகிய பாசி வாடையில் ஐம்பதுகளின் ஒரு கோடை திரும்பி வந்தது: கரையொதுங்கிய பாசியைப் புரட்டினால், வாலில் இடுக்கி கொண்ட பழுப்பு நிறப் பூச்சி ஈரமணல் குழியில் தன் முட்டைகளின்மேல் வளைந்து கிடக்கும், முட்டைகள் சிதறினால் ஒவ்வொன்றாக வாயில் கவ்விச் சேர்க்கும், என் தங்கை கமலா மணலில் கன்னம் பதித்து, வெளிச்சம் மங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எய்ந்துரு பாப்பா! காதுல பூந்துகினா மூளையத் துன்னுடும்," என்பாள் இறால் கூடையோடு அவ்வழியே போகும் அஞ்சலை.

"அதுக்கு நேரம் ஏதுக்கா? முட்டையக் காத்துகினு கீது," என்பாள் கமலா.

அந்தக் கோடை முடிவதற்குள் கமலாவுக்கு இரு செவிகளும் கேட்காமல் போயின. முன்சீப் மகன் கரைக்கு அழைத்துப் போனதால் பூச்சி புகுந்துவிட்டது என்றது ஊர். பிற்பாடு பெண் பார்க்க வந்தவர்களும் அதையே விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள்.

அந்தக் கோடையிலேயே பொன்னேரி மருத்துவர் அவள் காதுகளை விளக்கு வைத்துப் பார்த்தபோது நான் அருகில் நின்றேன். பூச்சி எதுவும் புகவில்லை. சில வாரங்களுக்கு முன் அவளுக்குப் போட்டிருந்த அம்மைக்குப் பின் இரு காதுகளிலும் சீழ் பிடித்திருந்தது.