எனக்கு ஓஃப்சைட் படிப்பித்தவர்

எங்கள் தொழிற்சாலை லஞ்ச் ரூமில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில் ஐஸ் ஹொக்கியைத் தவிர வேறொன்றும் ஓடி நான் கண்டதில்லை. ஹொக்கி இல்லாத நேரங்களில் நாலு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு ஹொக்கியைப் பற்றிக் கதைப்பார்கள். போன வருட வசந்தத்தில் ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியோடு உள்ளே போகிறேன், திரையில் பச்சைப் புல்தரையும் உதைபந்தும். ஆட்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம்தான்.

நான் இங்கே வேலை பார்க்கும் இருபத்திரண்டு வருடமாக எங்கே ஒளிந்திருந்தது இந்தக் காதல்? உலகக் கிண்ணம் எங்கள் நகரத்துக்கே வரப்போகிறது என்றதும் எல்லோருக்கும் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டதாக்கும்.

என் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஜன்னல் சட்டங்கள் பொருத்தும் வேலைக்குப் புதிதாக வந்தபோது, பக்கத்து மேசையில் நின்ற வெள்ளைக்காரர் முதல் கிழமையே கேட்டார், நேற்றைய ஹொக்கி பார்த்தாயா என்று. எனக்குத் தெரிந்தது உதைபந்தாட்டம், யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் மூன்று வருடம் பின்வரிசையில் நின்றவன் என்று பெருமையாகச் சொன்னேன். "அது சின்னப் பிள்ளைகள் வளரும்வரைக்கும் ஓடித் திரிகிற விளையாட்டல்லவா?" என்றார். மேசையே சிரித்தது. அன்றோடு அந்தக் கதையை மூடிவிட்டேன்.

மனிதர் கெட்டவர் இல்லை. அடுத்த நாளே கெச்சப் பைக்கற்றுகளை மேசையில் அடுக்கி, நீலக்கோடு எது, ஹொக்கியில் ஓஃப்சைட் எது என்று பொறுமையாகக் காட்டினார். "ஓ, அப்படியா?" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. பிறகு ஒவ்வொரு காலையும் வீட்டுக்குப் பக்கத்தில், மல்வேர்னில் பஸ் ஏறியதும் காதில் வானொலியை வைத்து ஹொக்கிச் செய்தி கேட்டு, இரண்டு வசனம் பாடமாக்குவேன். நேற்று வலை காத்த கோலி சரியில்லை. கடைசிப் பத்து நிமிடம் கோட்டை விட்டுவிட்டார்கள். இவ்வளவும் போதும், மேசையில் எனக்கொரு கதிரை கிடைத்தது. கடவுள் சத்தியமாக எனக்கு இன்றைக்கும் பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கிற அந்தக் கறுப்பு வில்லை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அந்த வெள்ளைக்காரர்தான் இப்போது எங்கள் சுப்பர்வைசர்.

சனி ஞாயிறுகளில் நான் வேறு ஆள். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் அணியில் விளையாடினேன். வேலையிடத்தில் ஒருவருக்கும் அது தெரியாது.

போன ஆகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை அவசர வேலை, எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். அன்றைக்குத்தான் சங்கத்தின் சுற்றுப்போட்டி. என்னோடு சேர்த்துச் சரியாகப் பதினொரு பேர். விடிய எழும்பி வேலைக்கு அழைத்து, வயிறு சரியில்லை என்று சொன்னேன். இரண்டாவது ஆட்டத்தில் கணுக்கால் பிரண்டது. திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். வயிற்று வருத்தத்துக்கு எவனாவது நொண்டுவானா? சுப்பர்வைசர் என் காலைப் பார்த்தார். பேஸ்மென்ற் படியில் தடக்கிவிட்டேன் என்றேன். பார்த்து நட என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துத் தன் கோப்பியோடு வந்து என் முன்னால் இருந்தார். சுப்பர்வைசரான பிறகு அவர் எங்கள் மேசையில் இருந்ததே இல்லை. "நீ சொக்கர் விளையாடுவாயா?" என்று கேட்டார். உதைபந்தாட்டத்துக்கு இங்கே அதுதான் பெயர்.

முந்திய வருடம்தான், சுகமில்லை என்று சொல்லிவிட்டு மீன்பிடிக்கப் போன ஒருவனை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கோ ஐம்பது வயது தாண்டிவிட்டது. இந்த வேலை போனால் வேறெங்கே எடுப்பார்கள்? "இல்லை, எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் ஹொக்கி ஆள்," என்றேன். முதல் கிழமை நான் பெருமையடித்த பள்ளிக்கூட அணி அவருக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? அவருடைய முகம் சுருங்கியது. வைத்த பொறியில் நான் சிக்காத ஏமாற்றம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"சும்மா கேட்டிருப்பாரப்பா. இப்ப எல்லாரும் பந்தைப் பற்றித்தானே கதைக்கினம்."

"சும்மா கேக்கிற ஆளே உவர்? சிக் எண்டு சொல்லிப்போட்டு நொண்டிக்கொண்டு போனவனிட்டை வந்து, பந்து விளையாடுவியோ எண்டு கேட்டால் என்ன அர்த்தம்?"

"உங்கடை சோத்துக்கை கல்லுக் கிடந்தாலும் ஆரோ வேணுமெண்டு போட்டது எண்டுதான் நிப்பீங்கள்."

அவள் சொன்னால் சொல்லட்டும் என்று அணித் தலைவருக்கு அழைத்தேன். சுற்றுப்போட்டி அன்று எடுத்து முகநூலில் அவர் போட்ட படத்தில் நான் முன்வரிசையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, அந்தப் படத்தை உடனை எடுங்கோ."

"ஏன்ரா தம்பி, வடிவாத்தானே நிக்கிறாய்?"

சுப்பர்வைசர் விடவில்லை. சொக்கரில் ஓஃப்சைட் என்றால் என்னவென்று தெரியுமா என்று ஒருநாள் கேட்டார். தெரியாது என்றேன். உன் ஆட்களில் விளையாட்டுத் தெரிந்தவர் யாராவது உண்டா என்று இன்னொரு நாள். ஒருவரும் இல்லை என்றேன். யாழ்ப்பாணத்தில் பந்து தெரிந்த மனிசனே கிடையாது என்று சாதித்துவிட்டு, அதே வேகத்தில் ஹொக்கிக் கோலியைத் திட்டினேன். அந்த இலையுதிர்காலத்தோடு விளையாடப் போவதையும் நிறுத்தினேன். எந்த மைதானத்தில் எவன் நின்று பார்க்கிறானோ?

இந்தக் கோடையில் லஞ்ச் ரூமுக்குக் கொடிகள் வந்தன. அன்று என்னைப் பார்த்துச் சிரித்த மேசைக்காரர்களே கழுத்தில் அணித் துண்டு சுற்றிக்கொண்டு வருகிறார்கள். ஒரு மத்தியானம் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கோல் விழுந்தது. எல்லோரும் குதித்தார்கள். அடுத்த நிமிடம் ஓஃப்சைட் என்று கோலை அழித்தார்கள், அறையே கூச்சல் போட்டது. நான் புட்டையும் சம்பலையும் பார்த்தபடி இருந்தேன்.

சுப்பர்வைசர் எதிரில் வந்து இருந்தார். "பாவம், உனக்கு விளங்கியிருக்காது," என்று சொல்லி, கெச்சப் பைக்கற்றுகளை எடுத்து அடுக்கினார். சிவப்பு தாக்குகிறவன், உப்புப் பைக்கற் தடுக்கிறவன். "பந்து இவனுடைய காலுக்கு வந்து சேரும்போது இவன் இவர்களைத் தாண்டி நின்றால் ஓஃப்சைட்."

பிழை. பந்து கொடுக்கிறவனுடைய காலைவிட்டுக் கிளம்பும்போது எங்கே நிற்கிறான் என்பதுதான் கணக்கு. பதினாலு வயதில் வெயிலில் நின்று படித்தது அது. நான் தலையாட்டினேன்.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். தன் மகளுக்குப் பதினொரு வயதாம். அவளுடைய அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் போன கோடையில் விலகிவிட, பெற்றோர் சேர்ந்து இவருடைய தலையில் கட்டிவிட்டார்களாம். "எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இங்கே எல்லோரிடமும் உதவி கேட்டேன். உன்னிடமும் கேட்டேனே, ஞாபகமா? கடைசியில் வீடியோ பார்த்துப் படித்தேன். எல்லா ஆட்டமும் தோற்கிறோம்!" என்று சிரித்தார்.

என் வயிறும் காலும் அவருடைய நினைவிலேயே இல்லை. கேட்டது உதவி. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம், வாயையும் திறந்தேன். ஆனால் ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்: பத்து மாதப் பொய், இருபத்திரண்டு வருடமாகப் பாடமாக்கிய இரண்டு வசனம். "ஓ, அப்படியா?" என்றேன். அவர் தோளில் தட்டிவிட்டு எழுந்து போனார். அவர் போனதும் சிவப்புப் பைக்கற் ஒன்றை அது நிற்க வேண்டிய இடத்துக்கு இழுத்து வைத்துப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டாள்.

"இண்டைக்கு மட்ச் பாத்தனீங்களோ?"

"ஓம். சுப்பர்வைசர் எனக்கு ஓஃப்சைட் படிப்பிச்சவர்."

விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்து, முழுக் கதையையும் சொன்னேன், அவருடைய மகளின் அணியை, அவர் விட்ட பிழையை, நான் தலையாட்டியதை. அவள் சிரிக்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பிள்ளையளும் பிழையாத்தானே விளையாடுங்கள்?" என்றாள்.