மண் போட்டு மூடிய துளிகள்

காலை ஆறு ஐம்பதுக்கு நான் அந்தத் தவறைச் செய்தேன். கொக்கட்டிச்சோலையில் மனைவியின் அக்கா வீட்டு முற்றத்தில் காரை இயக்கிவிட்டு, மகள் வெளியே வரக் காத்துக்கொண்டிருந்தேன். காரின் முன்பக்கத்துக்குக் கீழே, வெள்ளை மணலில், சிவப்பாக ஏதோ சொட்டியிருந்தது. புதிய இரத்தத்தின் நிறம். குனிந்து பார்த்திருக்க வேண்டும். வேலிக்கு வெளியே போகிறவர்கள் கண்டால் என்ன நினைப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. செருப்பால் மண்ணை இழுத்து மூடினேன். மறுபடி சொட்டியது. மறுபடி மூடினேன்.

முதல்நாள் பின்னேரம் இயக்கத்திலிருந்து இருவர் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டுக்கொண்டு திரிந்த காலம். பெரியம்மாவுக்குச் சுகமில்லை என்று உதவிக்கு வந்து நின்ற என் மகளின் வயதைக் கேட்டுக் கொப்பியில் எழுதினார்கள். பதினேழு. "காலைல மறுகா வாறம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளைக் கூட்டிப்போகத்தான் நான் வந்திருந்தேன்; ஆனால் அந்த நேரத்துக்கு வாவிப் பாலத்தை இராணுவம் மூடிவிட்டது. விடியும்வரை நானும் மகளும் கண் மூடவில்லை. காலையில் அவர்கள் வருவதற்குள் வாவியைக் கடந்து மட்டக்களப்புக்குள் போய்விட வேண்டும். வேறு நினைப்பு எனக்கு இல்லை.

ஏழரை மணிக்கு, இருபுறமும் வயல்வட்டைகள் விரிந்து கிடந்த நேர்வீதியில், என்ஜின் இரைந்தது, கார் நகரவில்லை. கியரை எங்கே தள்ளினாலும் இரைச்சல் மட்டும்தான். கியர் தானாக மாறும் பழைய ஜப்பான் கார் அது. சோதனைச்சாவடியில் கேள்வி வரக்கூடாது என்று கருவிப் பெட்டியையும் எண்ணெய்ப் போத்தலையும் என் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தேன். பயந்து பயந்து காரையே வெறுமையாக்கியிருந்தேன்.

நெல் மூட்டைகளோடு கை உழவு இயந்திரத்தில் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"என்ன சேர், மாடு படுத்திட்டா?"

"கியர் பிடிக்குதில்ல."

மல்லாந்து படுத்துக் காருக்கடியில் பார்த்தார். "ரேடியேட்டருக்குப் போற கியர் ஒயில் குழாய் வெடிச்சிரிக்கு. எப்ப இருந்து ஒழுகுது?"

"காலமதான் கண்டன்."

"கண்டு என்ன செஞ்சீங்க?"

"மண் போட்டு மூடினன்."

"படிச்ச ஆக்கள்" என்றார். பிறகு காருக்குள் இருந்தவளைக் காட்டி, "மகளுக்கு என்ன வயசு?" என்றார். சொன்னேன். வீதியின் இருபக்கமும் ஒருதடவை பார்த்தார். தன் இயந்திரத்தின் டீசல் குழாயில் வளைந்து தொங்கிய மிச்சத்தைச் சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்தார்.

ரேடியேட்டருக்குக் கீழே இருந்த இடுக்கில் அவர் கை நுழையவில்லை. என் கை நுழைந்தது, ஆனால் எண்ணெயில் வழுக்கியது. மகள் கீழே இறங்கினாள். "தள்ளுங்க அப்பா" என்று சொல்லி மல்லாந்து உள்ளே போனாள். வெடித்த றப்பர் துண்டைக் கழற்றியபோது மிச்ச எண்ணெய் அவள் சட்டைக் கையிலும் தோளிலும் ஊற்றியது. புதிய குழாயைச் செருகி, அவர் கொடுத்த கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"அப்பிடியே கிட மனே" என்று மகளிடம் சொன்னார் அவர். தன் இயந்திரத்தின் பெட்டியிலிருந்து ஒரு நெல்மூட்டையை இழுத்து, அவள் கால்கள் தெரிந்த பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

நேற்று வந்த அதே இருவர். ஓட்டியவன் கேட்டான்: "சேர், வெளிக்கிட்டாச்சா? மகள் எங்க?"

நான் என்ஜின் பக்கம் குனிந்தேன்.

"மகள் விடிய பஸ்ஸில போயிட்டாவாம்" என்றார் அவர். "இவர் காரோட நிண்டு மாரடிக்கிறார்."

பின்னால் இருந்தவன் இறங்கி வந்தான். மீசை அரும்பாத முகம். பம்பருக்குக் கீழிருந்து வீதியில் சிவப்பாக வடிவதைக் கண்டான். "என்ன இது? ஆருக்குக் காயம்?"

"இந்தக் கிழட்டுக்குத்தான்" என்று அவர் காரின் மூடியில் தட்டினார். விரலால் தொட்டு நீட்டினார். "மோந்து பார் தம்பி."

அவன் மோந்து பார்த்தான். மகள் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். கேட்டும் கேட்காதவன்போலப் போனானோ, எனக்குத் தெரியாது.

"நாங்க அங்கதான் போறம்" என்றான் ஓட்டியவன். "பஸ்ஸிலயா போனா எண்டு கேட்டுட்டு வாறம்."

அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரம் மட்டும்தான் இனி எங்களுக்கு. மகள் கம்பியை முறுக்கி முடித்து வெளியே வந்தாள். அவர் தன்னிடமிருந்த அரைப்போத்தல் என்ஜின் ஒயிலைக் கியருக்குள் ஊற்றினார். போதவில்லை. மூடிக்குள் எட்டிப்பார்த்த மகள், "அப்பா, இதுவும் அந்தச் சிவப்புத்தானே?" என்று ஒரு சிறு பாத்திரத்தைக் காட்டினாள்.

"அது ஸ்டேரிங்குக்கு. எடுத்தா லேசில வளைக்க ஏலாது மனே."

"நேர் ரோட்டுத்தானே" என்றாள்.

அதையும் இறக்கி ஊற்றினோம். கியர் பிடித்தது. "மெல்லமாப் போங்க, நிப்பாட்டாம போங்க" என்றார். "அவங்க கேட்டா?" என்று நான் இழுத்தேன். "அது என்ட பாடு. நீங்க போங்க சேர்." அவர் பெயரைக்கூடக் கேட்காமல் போனேன். திரும்பி வந்தவர்கள் அவரிடம் என்ன கேட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகும் பல தடவை அந்த வீதியால் போயிருக்கிறேன்; ஒருநாளும் கண்டதில்லை. விசாரிக்கவும் துணியவில்லை.

பாலத்தடியில் சிப்பாய் மகளின் தோளைப் பார்த்தான். சிவப்பு அதற்குள் கறுத்துப் போயிருந்தது. "லே?" என்றான். அவன் மொழியில் இரத்தம். துப்பாக்கி சற்றே நிமிர்ந்தது. காயப்பட்ட இயக்கப் பெண் ஒருத்தியை நான் கடத்திக்கொண்டு வருவதாக அவன் நினைத்துவிட்டான். "ஒயில், ஒயில்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். என்ஜினை நிறுத்தச் சொன்னான். பெண்ணைச் சோதிக்கப் பெண் பொலிஸ் வரவேண்டும், அதுவரை நில் என்று கையால் காட்டினான். திருப்பி அனுப்பினால் எங்களுக்குப் போக இடமில்லை. மகள் அசையாமல் நின்றாள். நான்தான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பது பத்துக்கு அந்தப் பெண் பொலிஸ் சைக்கிளில் வந்தாள். மகளைச் சாக்கு மறைப்புக்குள் கூட்டிப்போனாள். வெளியே வந்தபோது சட்டைக் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மோந்து பார்த்தாள். பிறகு தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னாள்:

"சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது. போங்க."