தங்கை நீட்டிய கை

“சோத்துக் கையே போனப்புறம் நர்ஸ் வேலை எதுக்கும்மா? பேசாம வூட்டுல இரு,” என்றார் பெரியப்பா. பாடாலூர் அருகே பஸ் கவிழ்ந்ததில் என் வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்த வேலையை விட்டுவிட மனம் வரவில்லை.

“நரம்பு ஊசி போட முடிஞ்சா வாம்மா, சேத்துக்கறோம்,” என்றார் அரியலூரில் எங்கள் ஆஸ்பத்திரி மேட்ரன். இடது கையால் கத்திரிக்காயில் குத்திப் பழகினேன். குத்திய காயெல்லாம் குழம்பானது. ஆனால் காய்க்கு நரம்பு ஏது?

ஊசி என்றாலே ஓடுகிற என் தங்கை செல்வி, களை எடுத்துவிட்டு வந்தவள், கையை நீட்டினாள். “என் கையில குத்துக்கா. கத்துனா கண்டுக்காத.”

நரம்பு நழுவி, கை வீங்கிவிட்டது. பயந்துபோய் சிரிஞ்சைக் கீழே வைத்தேன். அவளோ மறு கையை நீட்டினாள். “இது புதுக் கை. நிதானமா குத்து.”

இந்த முறை ஊசி சரியாக நரம்பில் இறங்கி, சிரிஞ்சில் ரத்தம் ஏறியது. “யம்மா, அக்கா டூட்டிக்குப் போவப் போவுது!” என்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

மறுபடி வேலையில் சேர்ந்தேன். வலிக்காது என்று இப்போதெல்லாம் நோயாளிகளிடம் நான் பொய் சொல்வதில்லை. நரம்பு நூல் மாதிரி இருக்கும் என்று பலரும் தயங்கும் குழந்தைகள் வார்டை நானே கேட்டு வாங்கி, போன திங்கட்கிழமை முதல் அங்கே வேலை பார்க்கிறேன்.